டேர்டெவிலை மீட்டெடுத்த கோடுகள்

2011 ஜூலையில் மார்வெல் நிறுவனம் 'டேர்டெவில்' தொடரை மறுபடியும் முதல் இதழ் என்று எண்ணிட்டுத் தொடங்கியது. கதாசிரியர் மார்க் வெய்ட். ஓவியர்கள் பாவ்லோ ரிவேராவும் மார்க்கோஸ் மார்ட்டினும். ரிவேரா வரைந்த அட்டையில் சிவப்பு உடையணிந்த நாயகன் பாய்ந்து வருகிறான். அவனைச் சுற்றியிருக்கும் நகரம் ஓசைச் சொற்களால் ஆனது. எழுத்துகளே வளைந்தும் நெளிந்தும் பொருள்களின் வடிவம் கொள்கின்றன. அடுத்த ஆண்டு காமிக்ஸ் துறையின் ஐஸ்னர் விருதுகளில் சிறந்த தொடர், சிறந்த தனி இதழ் இரண்டையும் டேர்டெவில் வென்றது; சிறந்த கதாசிரியர் விருது வெய்ட்டுக்குப் போனது. நிலைகுலைந்து கிடந்த ஒரு சூப்பர்ஹீரோ புதிய அணியின் கையில் பழைய பெருமைக்குத் திரும்பிவிட்டான் என்ற பேச்சு பரவலாக எழுந்தது. பெரும்பாலும் சொல்லப்பட்ட காரணம், இத்தனை ஆண்டு அழுதுகொண்டிருந்தவன் சிரிக்கத் தொடங்கினான் என்பது. இது பாதி உண்மைதான். சிரிப்பு பின்னால் வந்தது. முதலில் வந்தது கோடு. கண் தெரியாத ஒருவன் உலகை எப்படி அறிகிறான் என்பது இந்தப் பாத்திரத்துக்கே உரிய கேள்வி. அதை ஓவியர்கள் மறுபடி கையில் எடுத்தார்கள். கதாசிரியர் அதற்கு இடம் விட்டு எழுதினார். தொடர் எழுந்து நின்றது அதனால்தான்.

டேர்டெவில் 1964இல் பிறந்தவன். எழுதியவர் ஸ்டான் லீ, வரைந்தவர் பில் எவரெட். நியூயார்க்கின் ஹெல்ஸ் கிச்சன் பகுதியில் குத்துச்சண்டைக்காரர் ஜாக் மர்டாக்கின் மகனாக வளரும் மேட், லாரியில் சிக்கவிருந்த ஒரு முதியவரைக் காப்பாற்றப்போய், அதிலிருந்து சிதறிய கதிரியக்கப் பொருள் பட்டுப் பார்வையை இழக்கிறான். மற்றப் புலன்கள் கூர்மையாகின்றன. சுற்றியுள்ளவற்றை உணரும் ரேடார் போன்ற ஒரு புலனும் சேர்கிறது. தோற்றுக் கொடுக்கச் சொன்ன பந்தயத்தில் தோற்க மறுத்த தந்தையை ரவுடிகள் கொன்றுவிடுகிறார்கள். மகன் பகலில் வழக்கறிஞர், இரவில் கொம்பு வைத்த முகமூடி. தொடக்கத்தில் உடை மஞ்சள். 1965இல் ஓவியர் வாலி வுட் முழுச் சிவப்பாக மாற்றினார். கண் தெரியாதவனுக்கு நிறம் எதற்கு என்று கேட்கலாம். ஆனால் கண்ணால் மட்டுமே வாசிக்கக்கூடிய ஒரு கலைவடிவத்தில் கண் இல்லாத ஒருவனை நாயகனாக்கியதில்தான் இந்தத் தொடரின் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. அவன் அறிவதை நாம் எப்படிப் பார்ப்பது? அறுபதுகளில் இதற்குக் கிடைத்த விடை எளியது: தலையைச் சுற்றிச் சில வட்டங்கள், பக்கத்தில் இதயத் துடிப்பு கேட்கிறது என்று சொல்லும் ஒரு வசனப் பெட்டி. ஜீன் கோலன் போன்ற பெரிய ஓவியர்கள் நிழலும் அசைவுமாகப் பல ஆண்டுகள் அழகாக வரைந்தார்கள். அந்தக் கேள்வி மட்டும் தொடப்படாமலே கிடந்தது.

அமெரிக்கச் சூப்பர்ஹீரோ தொடர்கள் இயங்கும் முறையை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். பாத்திரம் நிறுவனத்தின் சொத்து. மாதம் ஒரு இதழ் வர வேண்டும். கதாசிரியரும் ஓவியரும் சில ஆண்டுகளில் மாறிக்கொண்டேயிருப்பார்கள். நம் ஊரில் முத்து காமிக்ஸ் வழியே இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவருக்கு நாயகன் ஒருவனே, கதை வேறு வேறு. அமெரிக்க வாசகரோ 'மில்லரின் டேர்டெவில்', 'பெண்டிஸின் டேர்டெவில்' என்று பிரித்தே பேசுவார். ஒரு அணி விட்டுப்போன இடத்திலிருந்துதான் அடுத்த அணி தொடங்க வேண்டும். ஆகவே ஒரு தொடர் நலிவதும் மீள்வதும் தனி மனிதத் திறமையால் மட்டும் நடப்பதில்லை. முன்னால் இருந்தவர்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்ற தேர்வும் அதில் கலந்திருக்கிறது. டேர்டெவிலின் வரலாறு முழுவதும் இந்தத் தேர்வின் வரலாறுதான். அதில் மிகப் பெரிய பெயர் ஃபிராங்க் மில்லர்.

மில்லர் 1979இல் 158ஆம் இதழில் ஓவியராக வந்தபோது அவருக்கு வயது 22. தொடர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது. நிறுத்திவிடலாமா என்ற நிலை. 1981இல் 168ஆம் இதழிலிருந்து எழுதும் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது. அந்த இதழிலேயே மேட்டின் பழைய காதலியாக எலெக்ட்ரா அறிமுகமானாள். அதே ஆண்டில் தொடர் மறுபடி மாத இதழானது. ஸ்பைடர்மேனின் எதிரியாக 1967இல் உருவான கிங்பினை மில்லர் இங்கே இழுத்துவந்து ஒரு நகரத்தையே விலைக்கு வாங்கிய மனிதனாக உட்காரவைத்தார். மேட்டுக்குப் பயிற்சி தந்த பார்வையற்ற குரு ஸ்டிக், நிஞ்ஜாக் கூட்டமான 'தி ஹேண்ட்' எல்லாம் அவர் கொண்டுவந்தவை. 1982இல் 181ஆம் இதழில் கூலிக் கொலைகாரன் புல்ஸ்ஐயின் கையால் எலெக்ட்ரா கொல்லப்பட்டாள். இன்றுவரை டேர்டெவில் என்றதும் நினைவுக்கு வருவது இந்த இருண்ட உலகம்தான்.

மில்லரின் சாதனையை இந்தச் சம்பவங்களின் பட்டியலாகச் சுருக்கிவிடக் கூடாது. அவர் பக்கத்தையே மாற்றி அமைத்தவர். மேலிருந்து கீழாக நீளும் ஒடுக்கமான கட்டங்களில் கட்டடங்களின் உயரம் உடம்பில் உணரும்படி இருக்கும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளும் படிக்கட்டுகளும் வெறும் பின்னணியாக இல்லாமல் சண்டை நடக்கும் களமாயின. பேச்சே இல்லாமல் ஓடும் நீண்ட காட்சிகள், ஒரே அசைவை நான்கைந்து கட்டங்களாக வெட்டிக் காட்டும் தாளம் என்று மூத்த காமிக்ஸ் கலைஞர் வில் ஐஸ்னரிடமிருந்து கற்றதை அவர் மாத இதழின் அவசரத்துக்குள் செய்து காட்டினார். 181ஆம் இதழைக் கொலைகாரன் புல்ஸ்ஐயின் எண்ண ஓட்டத்தின் வழியே சொன்னதும் வடிவம் பற்றிய முடிவுதான். மை தீட்டிய க்ளாஸ் ஜான்சன் இல்லாமல் இது நடந்திருக்காது. கடைசிக் கட்டத்தில் மில்லர் பக்க அமைப்பை மட்டும் கொடுக்க, ஜான்சனே வரைந்து மை தீட்டி வண்ணமும் சேர்த்தார். 1983இல் விலகிய மில்லர் 1986இல் ஓவியர் டேவிட் மாஸுக்கெல்லியுடன் திரும்பிவந்து 'பார்ன் அகெய்ன்' கதையை எழுதினார். போதைக்கு அடிமையான பழைய காதலி கேரன் பேஜ் ஒரு ஊசிக்காக மேட்டின் ரகசியத்தை விற்றுவிடுகிறாள். கிங்பின் அவனுடைய வேலை, பணம், வீடு என்று ஒவ்வொன்றாகப் பறிக்கிறான். அந்தக் கதையின் கடைசிப் பக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: மேட்டும் கேரனும் பகல் வெளிச்சத்தில் தெருவில் சிரித்தபடி நடந்துவருகிறார்கள்.

பின்னால் வந்தவர்கள் அந்தக் கடைசிப் பக்கத்தை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய வீழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இதைச் சொல்லும்போது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவதாகிவிடக் கூடாது. திவாலாகித் தட்டுத்தடுமாறிய மார்வெல், 1998இல் ஜோ கசாடா, ஜிம்மி பால்மியோட்டி பொறுப்பில் 'மார்வெல் நைட்ஸ்' வரிசையைத் தொடங்கியபோது டேர்டெவில் அதன் முகமானான். திரைப்பட இயக்குநர் கெவின் ஸ்மித் எழுதிய அந்தக் கதையில் கேரன் பேஜ் கொல்லப்பட்டாள். 2001 முதல் 2006 வரை பிரையன் மைக்கேல் பெண்டிஸும் ஓவியர் அலெக்ஸ் மலீவும் சேர்ந்து செய்த தொடர், அந்தப் பத்தாண்டின் மிகச் சிறந்த குற்றக்கதைகளில் ஒன்று. டேர்டெவில் யார் என்பதை ஒரு மஞ்சள் பத்திரிகை வெளியிட்டுவிடுகிறது, மேட் மறுக்கிறான், ஊரே நம்புகிறது. அந்த அணி போகும்போது மேட் சிறையில் இருந்தான். அங்கிருந்து தொடங்கிய எட் புரூபேக்கரும் மைக்கேல் லார்க்கும் அருமையான சிறைக் கதை ஒன்றைத் தந்தார்கள். அவர்கள் முடிக்கும்போது மேட்டின் மனைவி மில்லா மனநலக் காப்பகத்தில், மேட்டோ 'தி ஹேண்ட்' கூட்டத்தின் தலைவன். அடுத்த அணியின் காலத்தில், 2010இல் வந்த 'ஷேடோலேண்ட்' கதையில், அவன் ஹெல்ஸ் கிச்சன் நடுவில் கோட்டை கட்டி, புல்ஸ்ஐயைக் கொன்று, கடைசியில் பேய் பிடித்தவனாகிறான்.

ஒவ்வொரு அணியும் நாயகனை முந்தைய அணி விட்டதைவிட ஒரு படி கீழே இறக்கிவிட்டு அடுத்தவரிடம் ஒப்படைத்திருக்கிறது. தனித்தனியாகப் படித்தால் ஒவ்வொரு இறக்கமும் நாடகமாகத்தான் இருக்கிறது. சேர்த்துப் படித்தால் அது ஒரே திசையில் ஓடும் படிக்கட்டு. ஒருவனுக்கு இழப்பு நேரும்போது வாசகர் பதறுவதற்கு, இழக்கும்படியாக அவனிடம் ஏதாவது இருக்க வேண்டும். எலெக்ட்ரா செத்தபோது பதற்றம் இருந்தது. கேரன் செத்தபோது கோபம் இருந்தது. மில்லாவின் முறை வரும்போது வாசகருக்கு முன்பே தெரிந்திருந்தது. 'ஷேடோலேண்ட்' முடிந்ததும் மேட் ஊரைவிட்டே போனான். அவனுடைய இதழின் தொடர் எண்ணும் 'அச்சமற்ற மனிதன்' என்ற அடைமொழியும் பிளாக் பாந்தர் என்ற வேறொரு மார்வெல் நாயகனுக்குக் கொடுக்கப்பட்டன. தொடர் நலிந்தது என்று சொல்வது இதைத்தான். மோசமான எழுத்து அதற்குக் காரணமில்லை. ஒரு வழி அதன் முடிவுவரை நடந்து தீர்க்கப்பட்டிருந்தது.

இப்படி முட்டுச்சந்துக்கு வந்த தொடர்களுக்கு மார்வெல் அப்போது கைவசம் வைத்திருந்த மருந்து அழிப்பான். 2006இல் 'சிவில் வார்' கதையில் ஸ்பைடர்மேன் உலகறியத் தன் முகமூடியைக் கழற்றினான். அதன் விளைவுகளைச் சமாளிக்க முடியாமல் 2007இல் 'ஒன் மோர் டே' என்ற கதையில் மெஃபிஸ்டோ என்ற சாத்தானுடன் ஒப்பந்தம் போடவைத்து, அவனுடைய திருமணத்தையே வரலாற்றிலிருந்து துடைத்தார்கள், ரகசியமும் ரகசியமானது. வாசகர்களின் கசப்பு இன்னும் முழுதாகத் தீரவில்லை. டேர்டெவிலுக்கும் அதே சிக்கல்தான்: ஊருக்கே தெரிந்த ரகசியம். வெய்ட் எதையும் அழிக்கவில்லை. முதல் இதழில் மேட் நீதிமன்றத்தில் நிற்கும்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் டேர்டெவில் பேச்சை எடுத்தே அவன் வாதத்தைக் கெடுத்துவிடுகிறார். சட்டத்தொழிலே நடத்த முடியாத நிலை. அதற்கு மேட்டும் கூட்டாளி ஃபாகி நெல்சனும் கண்டுபிடிக்கும் வழி, கட்சிக்காரர்கள் தாங்களே நின்று வாதாடும்படி அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது. பழைய கதையின் சுமை புதிய கதைக்கான கருவாக மாறிவிடுகிறது. கடந்த காலத்தை மதித்துக்கொண்டே முன்னே போக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அந்த ஆண்டுகளின் மார்வெலில் எனக்குத் தெரியவில்லை.

இனி கோட்டுக்கு வருவோம். அந்த முதல் இதழின் பின்பகுதியில் மார்க்கோஸ் மார்ட்டின் வரைந்த ஒரு சிறுகதை இருக்கிறது. மேட்டும் ஃபாகியும் நகரத் தெருக்களில் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. ஆனால் மேட்டின் காதில் விழுவதும் மூக்கில் ஏறுவதும் தனித்தனிச் சிறு கட்டங்களாகப் பிரிந்து பக்கமெங்கும் நிறைகின்றன. ஃபாகி பார்ப்பது ஒரு தெருவை. மேட் அறிவது அதே தெருவின் நூறு துண்டுகளை. வாசகர் இரண்டையும் ஒரே பக்கத்தில் சேர்த்துப் படிக்கிறார். சினிமாவால் இதைச் செய்ய முடியாது. அங்கே ஒன்று போனபின்தான் இன்னொன்று வரும். எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் விரிந்து கிடப்பதும், எதை முதலில் பார்ப்பது என்பதை ஓவியர் வகுத்துத் தருவதும் காமிக்ஸ் பக்கத்துக்கு மட்டுமே உள்ள வசதி. பார்வையற்ற நாயகன் இந்த வடிவத்துக்குப் பொருந்தாதவன் என்ற பழைய எண்ணத்தை மார்ட்டின் சில பக்கங்களில் தலைகீழாக்கிவிட்டார்.

ரிவேரா இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார். ரேடார் புலனுக்கு அவர் தந்த உருவம், நிலவரைபடத்தில் மலையின் உயரத்தைக் காட்டும் கோடுகளைப் போல, முகங்களையும் சுவர்களையும் சுற்றி அடுக்கடுக்காக ஓடும் மெல்லிய வரிகள். அதில் உருவம் தெரியும், மேடுபள்ளம் தெரியும், நிறம் தெரியாது, எழுத்து தெரியாது, கண்ணாடிக்குள் இருக்கும் படம் தெரியாது. மேட்டுக்கு எது எட்டும், எது எட்டாது என்பதைப் படமே சொல்லிவிடுவதால் வசனப் பெட்டிகள் குறைந்தன. ரிவேராவின் பென்சிலுக்கு மை தீட்டியவர் அவருடைய தந்தை ஜோ ரிவேரா. ஆகவே அந்தக் கோட்டில் தயக்கமோ ஒட்டுவேலையோ தெரியாது. அதுவரை பழுப்பும் சாம்பலுமாகக் கிடந்த தொடருக்கு வண்ணக் கலைஞர் ஹாவியர் ரோட்ரிகெஸ் தட்டையான, பளிச்சென்ற நிறங்களைக் கொண்டுவந்தார். வண்ணம் கூடியதால் ரேடார் காட்சிகளின் வண்ணமின்மைக்கும் பொருள் கிடைத்தது. இரண்டும் அடுத்தடுத்து வரும்போதுதான் மேட் எதை இழந்தவன் என்பது நமக்கு உறைக்கிறது. துயர வசனம் ஒன்றும் தேவைப்படவில்லை.

சிறந்த தனி இதழ் விருது வாங்கிய ஏழாம் இதழைத்தான் நான் இந்த வாதத்துக்கு முதல் சாட்சியாக நிறுத்துவேன். கிறிஸ்துமஸ் காலம். பார்வையற்ற பள்ளிக் குழந்தைகளை மேட் ஒரு பயணத்துக்கு அழைத்துப்போகிறான். பனிப்புயலில் பேருந்து கவிழ்கிறது, ஓட்டுநர் இறந்துவிடுகிறார், மேட்டுக்கும் காயம். கொட்டும் பனி ஒலியை விழுங்குகிறது, வாசனையை அமுக்குகிறது, ரேடாரைக் குழப்புகிறது. பக்கத்தில் வெள்ளை ஏறிக்கொண்டே போகிறது. கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. வில்லன் கிடையாது, அடிதடி கிடையாது. அத்தனை ஆண்டுகளாக எதிரிகள் மேட்டிடமிருந்து மனிதர்களைப் பறித்தார்கள். இங்கே ஒரு வானிலை அவனிடமிருந்து உலகத்தையே பறிக்கிறது. நம்பிக்கை இழந்து அவன் விழும்போது அந்தக் குழந்தைகள்தான் அவனைத் தாங்குகிறார்கள். கண் தெரியாமை பரிதாபத்துக்குரியது என்ற எண்ணமும், அதை மறைக்கச் சூப்பர் சக்தி வேண்டும் என்ற எண்ணமும் அந்த இருபது பக்கத்தில் உடைந்துபோகின்றன. இந்தத் தொடரின் நீண்ட கதையில் இதற்கு இணையான இதழ்கள் மிகச் சில.

ஓவியருக்கு இவ்வளவு புகழ் போனால் கதாசிரியருக்கு என்ன மிச்சம் என்று கேட்பவர் உண்டு. மேலும், ரிவேராவும் மார்ட்டினும் முதல் ஓராண்டுக்குள்ளேயே போய்விட்டார்கள். தொடரோ 2015 வரை தரம் குறையாமல் ஓடியது. அப்படியானால் கடைசிவரை இருந்த வெய்ட்தானே காரணம்? வலுவான கேள்வி இது. விடை வெய்ட் செய்த வேலையின் தன்மையில் இருக்கிறது. அவர் ஓவியருக்கு ஏற்ற கதையை எழுதத் தெரிந்தவர். மார்ட்டினுடன் அவர் 2008இலேயே ஸ்பைடர்மேன் இதழ்கள் இரண்டைச் செய்திருந்தார். நியூயார்க்கின் தரையடியில் சிக்கிக்கொண்ட ரயில் பயணிகளைப் பற்றிய, இருட்டிலேயே நடக்கும் கதை அது. டேர்டெவிலில் அவர் அமைத்த சம்பவங்களைப் பாருங்கள்: ஒலியால் ஆன எதிரி, பனியில் தொலையும் புலன்கள், உடம்பில் ஓட்டைகள் வழியே இடம் தாவும் ஸ்பாட் என்ற வில்லன். எல்லாமே வரைவதற்கென்று அமைந்த சிக்கல்கள். 12ஆம் இதழிலிருந்து வந்த கிறிஸ் சாம்னி ரிவேராவின் நகல் இல்லை. அவருடைய கறுப்பு கனமானது, கோடு சிக்கனமானது. ஆனாலும் முன்னவர்கள் கண்டுபிடித்த மொழியை அவர் தன் கையெழுத்தில் தொடர்ந்தார். 2013இல் சிறந்த ஓவியருக்கான ஐஸ்னர் விருதை இன்னொரு ஓவியரான டேவிட் அஹாவுடன் பகிர்ந்துகொண்டார். பிற்பகுதி இதழ்களில் கதாசிரியர், ஓவியர் என்று பிரிக்காமல் இருவரையும் சேர்த்தே கதைசொல்லிகள் என்று பெயர் போட்டார்கள். எழுதுபவர் பெயரை மட்டும் சொல்லி ஒரு தொடரைக் குறிப்பிடும் நம் வழக்கத்தை அந்த ஒரு வரி திருத்துகிறது என்று நினைக்கிறேன்.

அடுத்த ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. இது அறுபதுகளின் குறும்புக் கதைக்குத் திரும்பிய பழம்பெருமைதானே, மில்லர் கொண்டுவந்த முதிர்ச்சியைக் கைவிட்டதுதானே என்பது அது. முதல் இதழில் மாஃபியா திருமணத்துக்குள் குதித்து மணப்பெண்ணை முத்தமிட்டுவிட்டுப் போகும் நாயகனைப் பார்த்தால் அப்படித் தோன்றுவது இயல்பு. தொடர்ந்து படிப்பவருக்கு அந்த எண்ணம் நிலைக்காது. மேட்டின் உற்சாகத்தை ஃபாகி தொடக்கத்திலிருந்தே சந்தேகத்தோடுதான் பார்க்கிறான்; இவ்வளவு நடந்த ஒருவன் எப்படி இப்படிச் சிரிக்க முடியும் என்ற அச்சம் அவனை விடவில்லை. மேட்டின் மேசை இழுப்பறையில் அவனுடைய தந்தையின் எலும்புகள் கிடப்பதைக் கண்டதும், நண்பனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நம்பி ஃபாகி அவனைவிட்டு விலகுகிறான். பின்னால் ஃபாகிக்குப் புற்றுநோய் வருகிறது. மாதக்கணக்கில் மருத்துவமனையும் சிகிச்சையுமாக அது தொடர்கிறது, மந்திரத்தால் தீர்வதில்லை. 2014இல் வந்த ஓர் இதழில் மேட்டின் மனச்சோர்வு வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது. படுக்கையிலிருந்து எழ முடியாமல் கிடப்பவனுக்கு எதிலும் ருசியில்லை. அந்தச் சிரிப்பு அவன் ஒவ்வொரு நாளும் முயன்று எடுத்துக்கொண்ட முடிவு என்பது அப்போது விளங்குகிறது. இழப்பை அடுக்குவதுதான் முதிர்ச்சி என்றால் இந்தத் தொடருக்கு அது குறைவு. இழப்புக்குப் பின் ஒருவன் எப்படி வாழ்கிறான் என்று கேட்பது முதிர்ச்சி என்றால், முந்தைய பத்தாண்டைவிட இது முதிர்ந்த தொடர்.

மக்களுக்குப் பிடித்தது இருண்ட டேர்டெவில்தான், 2015 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸில் வந்த தொடரின் வெற்றியே அதற்குச் சான்று என்பாரும் உண்டு. அந்தத் தொடரின் நிழல்களும் கறுப்புத் துணி கட்டிய நாயகனும் மில்லரிடமிருந்து வந்தவை என்பது உண்மை. ஆனால் அதைப் பார்த்தவர் எல்லோருக்கும் நினைவில் நிற்பது எது? இரண்டாம் பகுதியின் முடிவில் வரும் நடைகூடச் சண்டை. கேமரா வெட்டாமல் ஓடுவதுபோல் எடுக்கப்பட்ட அந்தக் காட்சியில் மேட் களைத்து, சுவரில் சாய்ந்து, மறுபடி எழுகிறான். அதுவும் தன் ஊடகத்துக்கே உரிய வழியைத் தேடிக் கண்டடைந்ததன் பலன். இருள் ஒரு பாணி. யாரும் அதை எடுத்து அணிந்துகொள்ளலாம். பக்கத்தை, திரையைப் புதிதாகச் சிந்திப்பது அவ்வளவு எளிதில் கடன் வாங்க முடியாத வேலை.

2011இல் எண்ணை மாற்றி முதல் இதழ் என்று போட்டதுதான் தொடரை மீட்டது என்பாரும் உண்டு. அது விற்பனை உத்திதான். அதை மறுக்க வேண்டியதில்லை. மார்வெல் அதை அடிக்கடி செய்கிறது, பெரும்பாலும் பயனில்லாமல். புதிய எண்ணோடு வந்து ஓராண்டில் மறைந்த தொடர்கள் ஏராளம் என்பதே, எண் எதையும் மீட்பதில்லை என்பதற்குச் சான்று.

கடைசி ஆட்சேபம்தான் மனதை அலைக்கழிப்பது. 2014இல் 36ஆம் இதழில் மேட் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து, தானே டேர்டெவில் என்று ஒப்புக்கொள்கிறான். நியூயார்க்கில் வழக்கறிஞர் உரிமை பறிபோகிறது. எழுபதுகளின் கதைகளில் பிளாக் விடோ என்ற நாயகியுடன் வாழ்ந்த சான் ஃபிரான்சிஸ்கோவில் அவனுக்குப் பழைய உரிமை இருப்பதால் அங்கே போய் முகமூடிக்குப் பின்னால் ஒளியாமல் வாழ்கிறான். எத்தனை துணிச்சலான முடிவு! 2015இன் இறுதியில் சார்ல்ஸ் சோல், ரான் கார்னி அணி வந்ததும் மேட் மறுபடி நியூயார்க்கில், கறுப்பு உடையில், அரசுத் தரப்பு வழக்கறிஞராக. அவன் யார் என்பதை உலகம் மாயமாக மறந்தும் விட்டது. வெய்ட் தொடாமல் விட்ட அழிப்பான், அவர் போன கையோடு வெளியே வந்தது. அப்படியானால் இந்த மீட்சிக்கு என்ன பொருள்? நிறுவனத்தின் சொத்தான பாத்திரத்தில் எந்தச் சம்பவமும் நிலைக்காது. இறந்தவர் எழுவார், திறந்த ரகசியம் மூடும். எலெக்ட்ராவே மில்லர் காலத்திலேயே உயிர்த்துவிட்டாள். சம்பவங்களை வைத்து மதிப்பிட்டால் மில்லரும் ஒன்றும் சாதிக்கவில்லை என்றே ஆகும். நிலைப்பது, ஒரு பாத்திரத்தை எப்படிக் காட்டலாம் என்று ஒருமுறை கண்டுபிடிக்கப்பட்ட வழி. தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே நிற்கும் மில்லரின் நிழலுருவை இன்று யாராலும் மறக்க முடியாது. வரிவரியாக ஓடும் ரேடார் கோடுகளையும் இனி அப்படித்தான்.

2019இல் வந்த சிப் ஸ்டார்ஸ்கி, மார்க்கோ செக்கெட்டோ அணி மறுபடி இருளுக்குத்தான் போனது. மேட் ஒரு சில்லறைத் திருடனைத் தெரியாமல் அடித்துக் கொன்றுவிடுகிறான். பழைய படிக்கட்டின் அடுத்த படி என்றே முதலில் பட்டது. ஆனால் அவர்கள் அவனை இன்னும் கீழே தள்ளாமல், செய்ததற்குப் பொறுப்பேற்க வைத்தார்கள்: முகமூடியைக் கழற்றாமலே, டேர்டெவிலாகவே நீதிமன்றத்தில் நின்று சிறைக்குப் போகிறான். வெய்ட் காலத்தில் 11ஆம் இதழை வரைந்தவர் இதே செக்கெட்டோ. டேர்டெவிலைப் புதிதாகப் படிக்க நினைப்பவர் 1964இலிருந்து தொடங்க வேண்டியதில்லை. 2011இன் முதல் தொகுப்பை எடுத்து ஏழாம் இதழ்வரை நிதானமாக, வசனத்தை விட்டுப் படத்தை மட்டும் ஒருமுறையும் சேர்த்து இன்னொரு முறையும் பார்க்கலாம். பிறகு மில்லர் 1981இல் எழுதத் தொடங்கிய இதழ்களுக்குப் போகலாம். மலீவின் பக்கங்கள் அதன்பின் வேறு மாதிரித் தெரியும். அவரும் தன் வழியில் அதே கேள்வியோடுதான் போராடியிருக்கிறார்.